பட்டறைப் பக்கம்: பழைய ஜீப், தெரியாத டீசல் இன்ஜின்

கேள்வி: அண்ணே, வணக்கம். இதுவரை நான் ஓட்டியதெல்லாம் பெட்ரோல் வண்டிதான். முதலில் ஆம்னி, இப்போது ஆல்டோ. குரங்கணிப் பக்கம் கொஞ்சம் மிளகும் காபியும் போட்டிருக்கிறோம், அங்கே கார் ஏறாது. போடியில் 1996 மாடல் மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "இன்ஜின் இப்போதான் செஞ்சது, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்கிறார் ஓனர். ஸ்டார்ட் செய்தால் நெல் அடிக்கிற மிஷின் மாதிரி சத்தம். புகையும் வருகிறது. ஆயிலைத் தொட்டுப் பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. டீசல் இன்ஜினில் எது இயல்பு, எது கோளாறு என்றே எனக்குப் பிடிபடவில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது?
— வாசகர், தேவாரம்

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றை இப்போதே அடித்துவிடலாம். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். எரிந்த டீசலின் கரி ஆயிலில் கலந்துகொண்டே இருப்பதால் புது ஆயில் ஊற்றினாலும் சில நாளில் கறுத்துவிடும். இத்தனை வயதான ஜீப்பில் ஆயில் தேன் நிறத்தில் பளபளத்தால்தான் நான் யோசிப்பேன். நேற்று எதற்காக மாற்றினார்கள்?

ஆயிலில் பார்க்க வேண்டியது அளவும் வாசனையும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறது, மோந்தால் டீசல் வாடை அடிக்கிறது என்றால் டீசல் ஆயிலுக்குள் இறங்குகிறது. அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அளவுக்கு மேல் ஏறிய அந்தக் கலவையையே இழுத்து எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் இன்ஜின் ஓடிவிடக்கூடும். மோர் நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலக்கிறது. விரலில் தேய்க்கும்போது ரொம்பக் கெட்டியாக, சொட்டு இறங்க மறுத்தால், கியர் ஆயிலைக் கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். தேய்ந்த இன்ஜினின் புகையையும் குறைந்த ஆயில் பிரஷரையும் நாலு நாளைக்கு மறைக்க அது பழைய வித்தை.

அடுத்து சத்தம். அதற்கு முன், பானெட்டுக்கு அடியில் இருப்பது எந்த இன்ஜின் என்று தெரிந்தாக வேண்டும். ஒரே மூஞ்சியுள்ள மஹிந்திரா ஜீப்புகளுக்குள் காலத்துக்கு ஒன்றாக இன்ஜின் வந்திருக்கிறது. ஆரம்பத்தில் டீசல் என்றால் டிராக்டரிலிருந்து வந்த இன்டர்நேஷனல் பி-275. எண்பதுகளில் பிரெஞ்சு கம்பெனி பீஜோவின் லைசென்ஸில் செய்த எக்ஸ்.டி.பி. 4.90, 2112 சி.சி. உங்கள் எம்.எம். 540-க்குக் கம்பெனி போட்டது அதுதான். அதற்கப்புறம் 2523 சி.சி. டி.ஐ., அதாவது டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜின். இத்தனை வருஷத்தில் கைமாறிய வண்டிகளில் ஓனர்கள் இஷ்டத்துக்கு இன்ஜினை மாற்றியும் இருக்கிறார்கள். அதனால் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிளாக்கில் குத்தியிருக்கும் இன்ஜின் நம்பரைத் துணியால் துடைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் மற்ற எதையும் பார்க்காமல் கிளம்பிவிடலாம்.

பீஜோவா டி.ஐ.யா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பீஜோவில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் விழாது, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில் எரியத் தொடங்கும். அந்த அறையைச் சூடேற்ற சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக் இருக்கும், நாலையும் சேர்த்து ஒரு பட்டையோ வயரோ ஓடும். டி.ஐ.யில் டீசல் நேரே பிஸ்டன் மேல் அடிக்கும். நம் ஊர் வெயிலுக்கு அதற்குப் பொதுவாக ஹீட்டர் தேவைப்படாது. ஆனால் சத்தம் அதிகம். நல்ல டி.ஐ. இன்ஜினே கடகடவென்று அடிக்கும், பீஜோ அதைவிட மிருதுவாக ஓடும். ஆல்டோவில் பழகிய காதுக்கு இரண்டுமே நெல் அடிக்கிற மிஷின்தான்.

அதனால் சத்தம் பெரிதா சிறிதா என்று பார்க்காதீர்கள், சீராக வருகிறதா என்று கேளுங்கள். ஐடிலிங்கில் விட்டு, பத்தடி தள்ளி நின்று, கண்ணை மூடிக் கேட்டால் தெரியும். தாளம் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் மிஸ்ஸிங். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து விடும்போது அடியிலிருந்து கனமாக ஒரு 'டொக் டொக்' வந்தால் பேரிங். அங்கே விலை பேச நிற்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். டீசல் இன்ஜினைச் சூடான பிறகு மட்டும் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை. சூடேறிவிட்டால் தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் இடைவெளி குறைந்து பிடித்துக்கொள்ளும், செத்துப்போன ஹீட்டரும் தெரியாது, புகையும் குறைந்துவிடும். ஓனருக்கு முதல் நாளே போன் போட்டு, "காலையில் ஆறு மணிக்கு வர்றேன், வண்டியைத் தொடாம வைங்க" என்று சொல்லுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட்டைத் திறந்து, சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், டீயைக் குடித்துவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி வந்துவிடுங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். மலையடிவாரத்தில் எப்போதும் இறக்கத்திலேயே நிற்கும் ஜீப்புக்கு செல்ப் வேலை செய்யாது, அல்லது கம்ப்ரஷன் இருக்காது. சமதளத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டி வராமல், தள்ளி.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் நிறுத்துவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஜீப்பில் சாவியைத் திருப்பினால் மட்டும் இன்ஜின் நிற்காது. டீசலை அடைக்கும் கம்பியை இழுக்க வேண்டும். அதை இழுத்தும் நிற்காத இன்ஜினை டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டு நிறுத்தலாம். காற்று போகும் வாயைப் பலகை வைத்து அடைப்பதும் உண்டு, கையை மட்டும் வைக்காதீர்கள்.

சாவியைப் போட்டதும் ஆயில் லைட் எரிகிறதா? எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரைப் பத்துப் பதினைந்து விநாடி போட்டுவிட்டு செல்ப் அடித்தால், நல்ல பீஜோ சில சுற்றிலேயே பிடிக்கும். பிடித்த சில விநாடியில் ஆயில் லைட் அணைய வேண்டும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து ஓரிரு நிமிஷத்தில் தெளிந்துவிட்டால் கவலை இல்லை. ஓனர் இறங்கிப் போய் ஹேண்ட் பம்பை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு வந்தால், ராத்திரியில் எங்கோ காற்று இழுக்கிறது. ஒரு வாஷரோ, ரப்பர் ஹோஸோ. செலவு சின்னது, ஆனால் விலையில் குறைக்கச் சொல்லலாம்.

புகையின் கதை இவ்வளவுதான். கண்ணை எரிக்கும் வெள்ளை, எரியாத டீசல். ஈரமாக, சூடான பிறகும் நிற்காத வெள்ளை, தண்ணீர். ஏற்றத்தில் மிதிக்கும்போது வரும் கறுப்பு, டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு. ஏர் பில்டரைக் கழற்றிப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும். நீலம்தான் செலவு. ரொம்ப நேரம் ஐடிலில் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் குபீரென்று நீலம் வந்து நின்றால் வால்வு சீல். மிதிக்க மிதிக்க வந்துகொண்டே இருந்தால் ரிங், லைனர்.

அதை உறுதி செய்ய, ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அதே வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கி உட்கார்ந்திருந்தால் சரி. குதித்து விழுந்து, பின்னாலேயே புகை தாளம் போட்டுக்கொண்டு வந்தால் பேக் கம்ப்ரஷன். எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். விற்க வந்தவருக்கும் இது தெரியும் என்பதால், இன்ஜின் உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் பைப்பில் நீளமாக ஹோஸ் மாட்டிச் சேஸிஸுக்கு அடியில் கொண்டுபோய் விட்டிருக்கிறாரா என்று குனிந்து பாருங்கள். அந்த ஹோஸின் நுனியில் ஆயில் சொட்டினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கூட ஒரு மெக்கானிக் வந்தால் அவரை நாசிலுக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்கு, போகும் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொல்லுங்கள். ஐடிலிங்கில், பைப் நட்டை அரைச் சுற்று மட்டும், மேலே துணி போர்த்தி. அந்த சிலிண்டருக்கு டீசல் போவது நின்று இன்ஜின் தடுமாற வேண்டும். ஒன்றைத் தளர்த்தியும் இன்ஜின் சட்டையே செய்யவில்லை என்றால் அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. தளர்த்தியதும் ஒரு முரட்டுத் தட்டல் சத்தம் காணாமல் போனால் பெரும்பாலும் நாசில்தான் கெட்டது. அதை டெஸ்ட் செய்து மாற்றிக்கொள்ளலாம். பைப் வாயில் விரலை வைக்கவே கூடாது. இந்தப் பழைய பம்பே நூறு பார் அழுத்தத்துக்கு மேல் அடிக்கும்.

டீசல் பம்பில் ஈயக் குண்டு போட்டு முறுக்கிய சீல் கம்பி அறுந்திருந்தால் யாரோ 'பவர் ஏத்த' திருகியிருக்கிறார்கள். ஏற்றத்தில் கரும்புகை அடிப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கும். பம்பைத் திரும்பச் சரியான அளவுக்கு வைக்கும் கேலிப்ரேஷன் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் இன்ஜின் ஆறியிருக்கும்போதே திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது, அல்லது ஹெட்டே விரிசல் விட்டிருக்கிறது. சூடான இன்ஜினில் மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும். இன்னொன்று: நம் ஊரில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பல பட்டறைகளில் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடிச் சீக்கிரம் தேயும், ஓவர்ஹீட் கோளாறும் சமவெளியில் வெளியே தெரியாது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருங்கள். சில நிமிஷம் குளிர்ந்திருந்து பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஸ்டார்ட் செய்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் இல்லை.

இவ்வளவும் தாண்டினால் ஓட்டிப் பாருங்கள். போடி பஜாரில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருவது ஓட்டம் ஆகாது. போடிமெட்டுப் பாதை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பதினேழு கொண்டை ஊசி வளைவு. பின்னால் நாலு பேரை உட்கார வைத்து மேலே ஏறுங்கள். ஏற்றத்தில் பின்னால் வரும் புகையைப் பார்க்க நண்பர் ஒருவர் பைக்கில் வரட்டும். மேலே போனதும் இறங்கி, ஐடிலில் விட்டு, ஆயில் பிரஷர் கேஜ் இருந்தால் பாருங்கள். சூடான இன்ஜின் ஐடிலில் முள் ஒரு கிலோவுக்குக் (kg/cm²) கீழே போனால் யோசிக்க வேண்டும். லைட் மட்டும் இருந்தால், அது மினுமினுக்கக் கூடாது. மூடியைத் தலைகீழாக வைக்கும் சோதனையை அங்கேயும் ஒருமுறை செய்யுங்கள். அப்படியே அணைத்துவிட்டு உடனே திரும்ப ஸ்டார்ட் செய்து பாருங்கள். காலையில் நன்றாகப் பிடித்து, சூட்டில் பிடிக்க மறுத்தால் பம்ப் தேய்ந்திருக்கலாம்.

போடி ஜீப் என்பதால் ஒன்று சொல்கிறேன். இங்கே பல ஜீப்புகள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஓடியவை. அளவுக்கு மேல் ஆளோடு தினம் மலை ஏறி இறங்கியவை. கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பதே வீண். பாதி வண்டியில் அது ஓடாது. பின் சீட்டுக் கம்பி, மிதிபலகை, கிளட்ச் பெடல் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்து வண்டியின் உழைப்பைக் கணக்குப் போடுங்கள்.

"இன்ஜின் இப்போதான் செஞ்சது" என்றால் லேத் பில்லைக் கேளுங்கள். சிலிண்டர் என்ன அளவுக்கு போர் செய்தது, கிராங்க் கிரைண்டிங் செய்ததா, பேரிங் என்ன சைஸ் என்று உண்மையில் செய்தவருக்குத் தெரியும், செய்த மெக்கானிக்குக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் போன் நம்பரைக் கேளுங்கள். பில் இல்லை, மெக்கானிக் ஊரில் இல்லை, ஆனால் இன்ஜின் மேல் வெள்ளிப் பெயின்ட் மட்டும் பளிச்சென்று இருக்கிறது என்றால் செய்தது பெயின்ட் வேலைதான். ரிங் மட்டும் மாற்றிவிட்டு 'புல் இன்ஜின்' என்று சொல்வதும் உண்டு.

என் கணக்கு இப்படி. நாசில், ஹீட்டர், செல்ப், ஹோஸ், லீக் எல்லாம் விலையில் குறைத்து வாங்கிச் சரி செய்துகொள்ளலாம். ஆறிய இன்ஜின் தானாகப் பிடிக்கிறது, மூடி குதிக்கவில்லை, மலை ஏறிய பிறகும் ஆயில் பிரஷர் நிற்கிறது என்றால், மேலே எவ்வளவு அழுக்காக இருந்தாலும் எடுங்கள். பேக் கம்ப்ரஷனும் பிரஷர் குறைவும் சேர்ந்து இருந்தால், இன்ஜினே இல்லாத வண்டிக்கு என்ன விலை சொல்வீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: 2013 தார், சி.ஆர்.டி.இ. மாடல் பார்க்கிறேன். நண்பர் நாசில் பைப்பைத் தளர்த்தி ஒவ்வொரு சிலிண்டராகச் சோதிக்கலாம் என்கிறார். செய்யலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: கூடவே கூடாது. மேலே சொன்னது பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும். சி.ஆர்.டி.இ. என்பது காமன் ரெயில் இன்ஜின், அதில் டீசல் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். தளர்த்திய இடத்தில் ஊசி முனை அளவு பீய்ச்சினாலும் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சின்னப் புள்ளி மாதிரித்தான் தெரியும். விரலையே எடுக்க வேண்டி வந்த காயங்கள் உண்டு. இந்த இன்ஜினுக்கு ஸ்கேனர் வைத்து ரெயில் பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டீசலையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது, அதன் விலையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறிய இன்ஜினைப் பார்ப்பது, மூடிச் சோதனை, ரேடியேட்டர் குமிழி எல்லாம் இதற்கும் பொருந்தும். அதே தார் டி.ஐ. இன்ஜினோடும் வந்தது. எது என்று ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு டீசல் ஜிப்ஸி ஒன்று சொல்லியிருக்கிறார்கள். "அபூர்வமான வண்டி, கிடைக்காது" என்கிறார் புரோக்கர். எடுக்கலாமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, அபூர்வம்தான். ஏனென்றால் மாருதி இந்தியாவில் டீசல் ஜிப்ஸியை விற்றதே இல்லை. 1985-ல் வந்தபோது 970 சி.சி. பெட்ரோல், பிறகு 1298 சி.சி. பெட்ரோல், கடைசி வரை பெட்ரோல்தான். அதற்குள் யாரோ வேறு வண்டியின் டீசல் இன்ஜினை உட்கார வைத்திருக்கிறார்கள். ஜென் டீசலில் வந்த 1527 சி.சி. பீஜோவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம்.

முதலில் ஆர்.சி.யில் எரிபொருள் 'டீசல்' என்று இருக்கிறதா, அந்த இன்ஜின் நம்பர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டிக்கு எப்.சி.யிலும் தகராறு, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு. புத்தகம் சரி என்றால், புரோக்கரிடம் ஒரு தாளைக் கொடுத்து, கிளட்ச் பிளேட் எந்த வண்டியுடையது, டீசல் பில்டர், ஆயில் பில்டர், மேல் ஹோஸ், பேன் பெல்ட் எதனுடையது என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர முடியாதவரிடம் வாங்கினால், முதல் பெல்ட் அறுந்த அன்று கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். இன்ஜின் மவுண்டிங் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, பேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் விரல் போகிற இடமாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜிப்ஸியின் கியர் விகிதம் வேகமாகச் சுற்றும் பெட்ரோலுக்கானது. டீசல் அவ்வளவு சுற்றாது என்பதால் டாப் ஸ்பீடு குறையும். தோட்டத்துக்குள் அது பெரிய விஷயம் இல்லை. எனக்குக் கேட்டால், பெட்ரோல் ஜிப்ஸியோ, கம்பெனியே டீசல் போட்ட ஜீப்போ பாருங்கள் என்பேன்.

கேள்வி: டெல்லி ரிஜிஸ்ட்ரேஷன் டீசல் ஜீப்புகள் நம் ஊரைவிட மலிவாகக் கிடைக்கின்றனவே, ஏன்?
— வாசகர், ஓசூர்

பதில்: பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவு போட்டது. அங்கே விலை இறங்கியதற்குப் பெரிய காரணம் அது. அதனாலேயே இன்ஜின் கெட்டது என்று இல்லை. ஆனால் அங்கத்திய ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கே கட்ட வேண்டிய வரியையும் லாரி வாடகையையும் கூட்டிப் பாருங்கள், மலிவு பாதி கரைந்துவிடும். வண்டியைக் காலையில் ஆறிய இன்ஜினோடு நேரில் பார்க்காமல், போனில் வந்த வீடியோவைப் பார்த்து வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீடியோவில் எல்லா இன்ஜினும் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும்.

கேள்வி: பீஜோ இன்ஜின் ஜீப் வாங்கிவிட்டேன். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, ஆனபிறகு வெள்ளைப் புகை அடித்து, ஒரு பக்கம் குலுங்கி, ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. இன்ஜின் போய்விட்டதா?
— வாசகர், ஏற்காடு

பதில்: போகவில்லை. ஏற்காட்டுக் குளிரில் ஒன்றிரண்டு ஹீட்டர் பிளக் செத்திருந்தாலே இப்படித்தான் நடக்கும். நாலையும் இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு வயரை பேட்டரி பாசிட்டிவில் கொடுத்து, மறு வயரை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். எரிந்தால் அந்த பிளக் உயிரோடு இருக்கிறது, எரியாததை மாற்றுங்கள். நாலும் எரிகிறது என்றால் ஹீட்டர் ரிலேவிலிருந்து பட்டைக்குக் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் நாசில்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போடச் சொல்லுங்கள். கழற்றியதுதான் கழற்றினீர்கள், அந்தத் துளை வழியாகவே நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிடலாம். நாலு எண்ணும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நாசிலைச் சரி செய்து மாட்டுங்கள், நாசில் வாஷர் மட்டும் புதிதாகப் போடுங்கள்.